முதலில் ஜன்னல், பிறகு கத்தரி

பழைய புடவையில் பை தைக்கலாம் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எப்படித் தைக்கிறது?" என்பதுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேர்க்கோட்டில் மிஷின் ஓட்டத் தெரிந்தவருக்கு முக்கால்வாசித் தையல் கைவந்துவிட்டது என்றே அர்த்தம். முதலில் தெரிய வேண்டியது, அந்தத் துணியில் இன்னும் எவ்வளவு உயிர் பாக்கி இருக்கிறது என்பது. டீயை ஓரமாக வைத்துவிட்டு, புடவையைப் பிரித்து ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் துணிக்குப் பின்னாலிருந்து வரட்டும்.

பீரோவில் வைத்துப் பார்த்தபோது முழுசாகத் தெரிந்த பட்டு, இப்போது வரிவரியாகக் கோடு காட்டும். அதெல்லாம் மடிப்பு விழுந்த இடங்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்பின் விளிம்பிலேயே இழை இழையாக விட்டுப்போகும். உடம்பில் ஜரிகைப் புட்டா இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். உலோகக் கம்பி மடிகிற இடத்தில் பக்கத்துப் பட்டு இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது புடவையை எடுத்து மடிப்பை மாற்றி வை என்று வீட்டுப் பெரியவர்கள் நச்சரித்ததற்கு இதுதான் காரணம்.

நூல் புடவை தேயும் விதம் வேறு. கொசுவம் செருகுகிற இடம், தரையில் இழுபடுகிற கீழ்க்கரை, ஊக்கு குத்திக் குத்திக் கண் விட்ட தோள்பகுதி என்று மூன்று இடத்தில் தேய்மானம் அதிகம். உள்ளே செருகுகிற முனையைப் பாருங்கள், வெயில் படாததால் கடையில் வாங்கிய நாளின் நிறத்திலேயே இருக்கும். ஒரே புடவையில் இரண்டு புடவை இருப்பதுபோலத் தோன்றும். பையின் முன்பக்கத்தை எங்கே வெட்டுவது என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணால் பார்த்தது போதாது, கையாலும் கேட்க வேண்டும். இரண்டு கட்டை விரல்களையும் துணியின் மேல் ஒட்டிவைத்து, விரல்களுக்கு நடுவே இருக்கும் துணியை வெளிப்பக்கமாக நன்றாக இழுங்கள். நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை. நல்ல துணி முரண்டு பிடிக்கும். இற்றுப்போன துணி 'சர்' என்று சத்தம் போட்டு விட்டுக்கொடுத்துவிடும். அப்படி விட்டுக்கொடுத்தது எவ்வளவு அழகான பட்டாக இருந்தாலும் பை ஆகாது. பின்னால் இன்னொரு துணியை வைத்துத் தைத்து அலங்காரத் துண்டாக வைத்துக்கொள்ளலாம். தாங்குகிற வேலை எதையும் அதனிடம் கொடுக்கக் கூடாது.

பட்டாக இருந்தால் கத்தரி எடுக்கும் முன் இன்னொன்றும் பாருங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டினால், உள்ளே பெரும்பாலும் சிவப்புச் சாயமிட்ட பட்டு இழை தெரியும். ஊருக்கு ஊர் 'பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்குவது புடவையை அல்ல, அந்த வெள்ளியை. நல்ல ஜரிகைக் கரையை விவரம் தெரியாமல் துண்டு துண்டாக வெட்டினால், காசு போடுகிற சுருக்குப்பையே உள்ளே இருக்கிற காசைவிட விலை கூடியதாகிவிடும். தெரிந்தே வெட்டுவதானால் தாராளமாக வெட்டுங்கள்.

என்ன துணி என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடித்து, கையில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல நிற்கும். 'ஆர்ட் சில்க்' என்று விற்கப்படுகிற பலவும் இந்த மூன்றாவது ரகம்தான். தெரியாமல் சூடான அயர்ன் பாக்ஸை வைத்தால் துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

சாயம் போகிறதா என்பதை, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அரக்கும் கருநீலமும் அதிகம் ஏமாற்றும். இந்த விஷயத்தில் பழைய பருத்திக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அது போக வேண்டிய சாயம் போய், சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்த துணி. வம்பு செய்வது உள்ளே போடுகிற புது லைனிங்தான். கடையிலிருந்து வாங்கி வந்ததை நனைக்காமல் அப்படியே வைத்துத் தைத்தால், முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, வெளித்துணி முழுக்கச் சுருக்கம் விழும். புதுத் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, அயர்ன் பண்ணிய பிறகே வெட்டுங்கள்.

அடுத்து வாட்டம். பாவு இழையைத் தறியில் இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அந்த இழுவையைத் தாங்கும்படி முறுக்கேறியது என்பதால் அந்த வாட்டில் துணி கொடுக்காது. ஊடை வாட்டில் கொஞ்சம் கொடுக்கும். மூலைவிட்டமாக, டெய்லர்கள் 'கிராஸ்' என்று சொல்கிற வாட்டில் இழுத்தால் நன்றாகவே நீளும். புடவையில் பாவு நீளவாட்டில் ஓடுகிறது, கரையும் அதோடு சேர்ந்தே ஓடுகிறது. ஆக, பைக்குப் பிடி வெட்ட வேண்டுமானால் கரைக்கு இணையாக நீளவாட்டில் வெட்டுங்கள். ஐந்தரை மீட்டர் நீளம் கையில் இருக்கிறது, நடுவில் ஒட்டுப் போடாமல் தோள்பை வார்கூட வெட்டலாம். அதே பிடியை அகலவாட்டில் வெட்டினால், நாலு தேங்காய் போட்டுத் தூக்கிய ஒரு மாதத்தில் பை முழங்காலுக்கு வந்து நிற்கும்.

ஜரிகைக் கரையையே மடித்துப் பிடியாக்குகிறார்கள் பலர். பார்க்க ஜோர்தான், தோளுக்குத்தான் சங்கடம். ஜரிகை தோளை அறுக்கும், தோள் ஜரிகையை அறுக்கும். ஆசைப்பட்டால் கரையை மேலே வைத்து, கீழே தோளில் படுகிற பக்கம் ஒன்றேகால் இஞ்ச் பருத்தி நாடாவைக் கொடுத்து இரண்டு ஓரமும் அடித்துவிடுங்கள். சுமையை நாடா பார்த்துக்கொள்ளும், கரை பெயர் வாங்கிக்கொள்ளும்.

இப்போது ஒன்றைத் தைத்துப் பார்ப்போம். சுருக்குப்பை. பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொண்டு, அதிலிருந்தே வெற்றிலையும் பாக்கும் சில்லறையும் பஸ் டிக்கெட்டும் மருந்துச் சீட்டும் எடுத்த அதே பை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உருப்படி கிடையாது. எல்லாமே நேர்த்தையல், ஜிப் இல்லை, துணியும் கொஞ்சம்தான் பிடிக்கும். இன்றைக்கு அதில் மொபைல் சார்ஜரும் இயர்போனும் சுருண்டு கிடக்கலாம்.

வெளித்துணியில் ஏழு இஞ்ச் அகலம், ஒன்பது இஞ்ச் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். உயரம் பாவு வாட்டில் இருக்கட்டும். கரை வேண்டுமென்றால் அது பையில் நெட்டுக்குத்தாக வரும். அடியில் படுக்கையாகத்தான் வேண்டும் என்று தோன்றினால் வாட்டத்தைக் கொஞ்சம் மறந்துவிடலாம், இவ்வளவு சின்னப் பைக்கு அது பெரிய குற்றமில்லை. லைனிங்கிலும் அதே அளவில் இரண்டு. மெல்லிய பட்டாக இருந்தால் வெட்டும் முன்பே பின்பக்கம் ஒட்டுக் கேன்வாஸ் வையுங்கள். கனமானது வேண்டாம், கையில் தளர்ந்து விழுகிற மெல்லிய ரகம் போதும். பட்டின்மேல் நேரடியாக அயர்ன் படாமல் நடுவில் ஒரு பழைய கைக்குட்டையைப் போட்டு, தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் இழை நகர்ந்துவிடும்.

ஒரு வெளித்துண்டையும் ஒரு லைனிங் துண்டையும் நல்ல பக்கம் பார்க்க நல்ல பக்கம் வைத்து, மேல் விளிம்பை மட்டும் அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தையுங்கள். இன்னொரு ஜோடியையும் அப்படியே. விரித்தால் ஒவ்வொன்றும் பாதி வெளித்துணி, பாதி லைனிங்காக ஒரு நீளத் துண்டாகும். இரண்டு நீளத் துண்டுகளையும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி ஒன்றின்மேல் ஒன்றாக, வெளித்துணிமேல் வெளித்துணி, லைனிங்மேல் லைனிங் வரும்படி வைத்துச் சுற்றிலும் அடியுங்கள். இதில் மூன்று இடத்தில் மட்டும் தைக்காமல் விட வேண்டும். லைனிங்கின் அடியில் மூன்று இஞ்ச், புரட்டுவதற்காக. வெளித்துணியின் இரண்டு பக்கத் தையலிலும், மேல் இணைப்பிலிருந்து ஒரு இஞ்ச் கீழே இறங்கி, அரை இஞ்ச் வாய், கயிறு போவதற்காக. வாய் விட்ட இடங்களில் முன்னும் பின்னும் மிஷினை ஓட்டிக் கெட்டி பண்ணிவிடுங்கள், கயிறு இழுபடும்போது பிரிவது அங்கேதான்.

மூலைகளில் தையலை ஒட்டித் துணியைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டு, லைனிங்கில் விட்ட வாய் வழியாகக் காலுறையைப் புரட்டுகிற மாதிரி மொத்தத்தையும் வெளியே இழுங்கள். வாயைக் கைத்தையலில் மூடி, லைனிங்கை உள்ளே தள்ளி, மேல் விளிம்பை அயர்ன் பண்ணுங்கள். மேலிருந்து ஒரு இஞ்சில் ஒரு சுற்று, ஒன்றரை இஞ்சில் இன்னொரு சுற்று தைத்தால் இரண்டுக்கும் நடுவில் கயிறு ஓடுகிற குழல் தயார்.

கயிறு ஒன்று இல்லை, இரண்டு. தையல் போக, தைத்து முடித்த பையின் அகலம் ஆறு இஞ்ச், சுற்றளவு பன்னிரண்டு. ஒவ்வொரு கயிறும் முழுச் சுற்றுப் போய்வந்து இரண்டு முனையிலும் நாலு நாலு இஞ்ச் வெளியே நீட்ட வேண்டுமென்றால் இருபது இஞ்ச். ஒரு கயிறு இடது வாயில் நுழைந்து முழுக்கச் சுற்றி இடது வாயிலேயே வெளியே வரட்டும், மற்றது வலதில் நுழைந்து வலதில். முனைகளை முடிச்சுப் போட்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாய் கச்சிதமாக மூடும். ஒரே கயிற்றில் ஓட்டினால் பை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுருங்கும், பாதி நேரம் வாய் திறந்தே இருக்கும்.

லைனிங்குக்கு என் சிபாரிசு பழைய வேட்டி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், மிஷினில் வழுக்காது, முக்கியமாக வெள்ளை. கறுப்பு லைனிங் போட்ட கடைப்பைக்குள் சாவியைத் தேடியிருந்தால் வெள்ளையின் அருமை புரியும். வேட்டி ரொம்ப நைந்திருந்தால் இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

இந்த இரண்டு மடிப்பு யோசனை பழசு. வங்கத்துக் கிராமங்களில் பெண்கள் காந்தா தைத்ததே இப்படித்தான். நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே போவார்கள். தைக்கிற வண்ண நூலும் பழைய புடவையின் கரையிலிருந்து உருவியதுதான். தனித்தனியாகக் கிழிகிற துணிகள், அடுக்கி நெருக்கித் தைத்ததும் ஒரு தலைமுறைக்குப் போர்வையாகத் தாங்கும். சுமையை ஒரே இழை வாங்காமல் பல இழைகள் பங்கிட்டுக்கொள்வதுதான் சூட்சுமம். கர்நாடகத்தில் வாழும் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் தைக்கும் 'கவண்டி' என்ற போர்வையிலும் இதே அடுக்குமுறை உண்டு. அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். இன்றைக்குக் கடைகளில் காந்தா என்ற பெயரில் புதுத் துணிமேல் தையல் போட்டு விற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அதன் உபயோகமே பழைய துணியைக் காப்பாற்றுவதில்தானே இருந்தது.

ஜீன்ஸ் முற்றிலும் வேறு சாதி. மற்ற துணிகளிடம் காட்டிய கரிசனம் இதற்குத் தேவையில்லை, மிஷினிடம்தான் கரிசனம் காட்ட வேண்டும். வீட்டு மிஷினில் சாதாரணமாக 14-ஆம் நம்பர் ஊசி மாட்டியிருப்போம். பட்டுக்கு அது 11 ஆக வேண்டும், ஜீன்ஸுக்கு 16. ஊசிப் பொதியிலேயே 75/11, 90/14, 100/16 என்று இரட்டை எண் போட்டிருப்பார்கள்; பெரிய எண், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொன்ன ஊசியின் தடிமன். மொட்டை ஊசியால் பட்டில் தைத்தால் குறுக்கே ஒரு இழை விண்ணென்று இழுத்துக்கொண்டு போய்க் கோடு விழும். அந்தக் கோடு எந்த அயர்னுக்கும் போகாது. ஊசி ஒரு அற்ப விலைப் பொருள், ஆனால் உடைகிற வரை அதை மாற்றாதவர்கள்தான் அதிகம்.

ஜீன்ஸின் முழங்காலும் இருக்கையும் தேய்ந்திருக்கும். தொடையின் பக்கவாட்டும் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமும் கெட்டியாகவே இருக்கும், பையின் உடம்பை அங்கே வெட்டுங்கள். பக்கத்தில் ஓடும் இரட்டைத் தையலை முழுசாகப் பிரிக்க உட்காராதீர்கள். அதைப் பையின் நடுவில் ஒரு கோடாக வரும்படி வைத்துக்கொண்டால் அதுவே அழகு. இரண்டு தையல்கள் சந்திக்கிற மேட்டில் மிஷின் திணறும். அந்த இடத்தை மரப்பலகைமேல் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நசுக்குங்கள். பிறகு பெடலை விட்டுவிட்டு, கைச்சக்கரத்தைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாகக் கடக்க வேண்டும்.

பாக்கெட் மூலையில் இருக்கிற செப்புக் குமிழ் அருகே ஊசியைக் கொண்டுபோகவே கூடாது. 1873 மே 20 அன்று ஜேக்கப் டேவிஸ் என்ற டெய்லரும் லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது அந்தக் குமிழுக்குத்தான். வேலை செய்கிறவர்களின் கால்சட்டையில் பாக்கெட் மூலை கிழிந்துகொண்டே இருந்ததற்கு டேவிஸ் கண்ட வைத்தியம் அது. இழுவை எங்கே விழுகிறதோ அங்கே பலம் கொடு என்ற அந்த யோசனையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். துணிப்பை கிழிவது நடுவில் இல்லை, பிடி இணைகிற இடத்தில். அங்கே உள்பக்கமாக இரண்டு இஞ்ச் சதுர ஜீன்ஸ் துண்டை வைத்து, பிடி, பைத்துணி, ஜீன்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரு சதுரமாக அடித்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போடுங்கள். பிடி அதற்கப்புறம் கழன்று வராது.

ஜிப் வைத்த பை வேண்டுமென்றால் ரோல் ஜிப்பை மீட்டரில் வாங்கி, ரன்னரைத் தனியாகக் கோர்த்துக்கொள்வது லாபம். 3-ஆம் நம்பர் சின்னப் பர்ஸுக்கு, 5-ஆம் நம்பர் தோள்பைக்கு. பழைய கைப்பைகளிலிருந்து ஜிப்பைப் பிரித்து எடுப்பவர்கள் உண்டு. பல் சரியாக இருந்தும் மூடாவிட்டால், தேய்ந்தது பெரும்பாலும் ரன்னர்தான். அதை மட்டும் மாற்றினால் போதும்.

பனியன் துணியையும் டீ-ஷர்ட்டையும் பைத் தையலுக்கு எடுக்காதீர்கள். அது பாவும் ஊடையும் போட்டு நெய்தது இல்லை, ஒரே நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னியது. எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். ஆனால் கயிற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. டீ-ஷர்ட்டின் அக்குளுக்குக் கீழே இருக்கும் உடம்பை ஒரு குழாயாக வெட்டி எடுத்து, கீழ்மடிப்பை நீக்கிவிட்டு, சுற்றிச் சுற்றி ஒரு இஞ்ச் அகலத்தில் அறுபடாமல் வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டிய நாடாவைக் கையில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால், ஓரங்கள் தாமாகவே உள்ளே சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். தைக்கவும் வேண்டாம், பிசிறும் வராது. சொன்ன சுருக்குப்பைக்கு இதுவே கயிறு. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் கிலோக் கணக்கில் கிடைக்கும் கட்டிங் வேஸ்டில் நீளத் துண்டுகளைப் பொறுக்கி இதையே செய்யலாம்.

மிச்சம் விழுகிற சின்னத் துண்டுகளுக்கும் வழி உண்டு. மூன்றரை இஞ்சுக்கு இருபது இஞ்ச் பட்டை கிடைத்தால் குழாயாகத் தைத்துப் புரட்டி, உள்ளே ஏழு இஞ்ச் எலாஸ்டிக் ஓட்டி, தலைமுடிக்கு ஸ்க்ரஞ்சி பண்ணலாம். பட்டு ஸ்க்ரஞ்சி முடியைப் பிடித்து இழுக்காது. அதைவிடச் சின்னது துணிப் பொத்தானுக்கும் கம்மலுக்கும் போகும். அதற்கும் ஆகாதது ஊசி குத்தி வைக்கிற மெத்தைக்குள் திணிக்க. சிலர் இந்தப் பொடித் துண்டுகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைக்கிறார்கள். தூக்கிப்போட மனசு வராததை வேறொரு இடத்தில் தூக்கிப்போடுவதுதான் அது. அரை இஞ்சுக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு ஒரு துணிப்பையை வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது, பை மெஷினில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை விழுகிறது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் புதுப் பருத்திப் பைக்கென்று ஒரு கடன் இருக்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில், ஒரே ஒருமுறை பயன்படுத்தி எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது ஈடாகும் என்று கணக்கிட்டார்கள். பருத்தி விளைய உரம், நூற்க மின்சாரம், சாயத்துக்குத் தண்ணீர் என்று பை கைக்கு வருவதற்குள்ளேயே செலவு ஏறிவிடுகிறது.

நம் வீடுகளில் தாம்பூலப் பைக்குள் தாம்பூலப் பையாகத் திணித்து வைத்திருக்கிறோமே, அதில் எத்தனை 131 தடவை கடைக்குப் போய்வந்திருக்கும்? பழைய புடவையில் தைத்த பைக்கு இந்தக் கடன் கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பருத்தி எப்போதோ விளைந்து, நெய்து, உடுத்தி, தன் கணக்கை முடித்துவிட்டது. புதிதாகச் செலவாவது கொஞ்சம் நூலும் உங்கள் சாயங்காலமும்தான். இதே காரணத்தால்தான் பழைய துணிப் பை தைப்பதற்கென்று கடைக்குப் போய்ப் புதுப்பட்டு வாங்குவதையும், 'விண்டேஜ்' என்று பெயர் வைத்துக் கட்டக்கூடிய நல்ல புடவையை வெட்டுவதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கட்ட முடிகிற புடவையைக் கட்டுகிறவரிடம் கொடுத்துவிடலாம். பைக்கு வருவது கட்ட முடியாததாக இருக்கட்டும்.

தைத்து விற்கலாமா என்றும் கேட்பார்கள். விற்கலாம். ஒன்றுபோல் இன்னொன்று வராது என்பதுதான் இதன் பலம், வியாபாரத்தில் அதுவே பலவீனமும். "இதே மாதிரி ஐம்பது வேண்டும்" என்று கொலு தாம்பூலத்துக்குக் கேட்கிறவருக்கு ஒரே புடவையிலிருந்து எத்தனை தேறும் என்று வெட்டும் முன்பே எண்ணிச் சொல்லத் தெரிய வேண்டும். விலை போடும்போது துணி சும்மா வந்தது என்று நினைத்துக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். அதைப் பிரித்து, துவைத்து, தேய்ந்த இடம் ஒதுக்கி வெட்டிய நேரம் தைத்த நேரத்தைவிட அதிகம். அந்த நேரத்துக்குக் கூலி போட்ட பிறகு வாங்க ஆள் இல்லையென்றால், அதைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பையைப் பாட்டியின் கூறைப்புடவையில் தொடங்காதீர்கள். யாரோ வைத்துக் கொடுத்து, யாருக்கும் பொருந்தாமல், அடுத்த வீட்டுக்குப் போகக் காத்திருக்கிற பிளவுஸ் பிட் ஒன்று உங்கள் பீரோவிலும் இருக்கும். அதை எடுத்து வெட்டுங்கள். கயிற்று வாய் கோணாமல் வரும்வரை அதிலேயே இன்னும் இரண்டு தைத்துப் பாருங்கள். அதற்கப்புறம் பட்டில் கை வைக்கலாம், ஊசியை மட்டும் 11-க்கு மாற்றிக்கொண்டு.